ராணிக்குச் செக் சொல்லாத ஆட்டம்

நீ எழுதிய கார்டு நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கோயிலில் மூன்றாவது கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். வருவதானால் வாருங்கள். வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும்." அவ்வளவுதான். பெற்ற தகப்பனுக்கு எழுத ஒட்டுகிற உறைகூடவா மெட்ராஸில் கிடைக்கவில்லை? தபால்காரன் கார்டைப் படித்துவிட்டு, "இன்னாம்மா, கல்யாணத்துக்கு அய்யா வர மாட்டாராமா?" என்று உன் அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தான். எனக்கு வந்த கோபத்தில் கார்டைக் கிழிக்கப் போனேன். உன் அம்மா பிடுங்கிக்கொண்டாள். "கிழிச்சா மட்டும் இன்னா ஆவப் போவுது? புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா" என்றாள். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். நீ மூன்று வரி எழுதினாய், நான் ஒரு கட்டுக் காகிதம் எழுதப் போகிறேன். இதை மூடி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லமாட்டேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. அந்தத் தபால்காரன் கேட்டால் அவனுக்கும் கொடு, படிக்கட்டும்.

முதலில் உனக்குத் தெரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமனாராகப் போகிற பஸ் டிரைவர் ஞானமுத்துவை இரண்டு வருஷமாக நான் திருட்டு ஆட்டக்காரன் என்று சொல்லிவருகிறேன். கோர்ட்டில் என்னோடு நகல் எழுதுகிறவர்களிடம் சொன்னேன், கடைத்தெருவில் சொன்னேன், கோயில் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டே சொன்னேன். நயா பைசா வந்து ஊரே சில்லறைக்குத் திண்டாடிக்கொண்டிருந்த வருஷம், மகாபலிபுரத்தில் நடந்த சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், சொல்லாமல் கொள்ளாமல் என் ராணியைத் தூக்கிவிட்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. நீயும் அப்போது என் பக்கம்தான் இருந்தாய். லீவுக்கு வந்தபோது, ஏறிய வண்டி அவர் ஓட்டுகிற வண்டி என்று தெரிந்ததும் பாதி வழியில் இறங்கி, வெயிலில் மூன்று மைல் நடந்து வீட்டுக்கு வந்தாய். "அந்தாளு வண்டியே வாணாம்னு எறங்கிட்டேம்பா" என்றாய். நான் உன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அப்புறம் மெட்ராஸ் கோயில் பாட்டுக்குழுவில் அவர் மகள் கிருபையைப் பார்த்தாய். போன கிறிஸ்மஸுக்கு வந்து, "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லப்பா" என்றாய். "பொண்ணப் பாத்ததும் கண்ணு தெரியாமப் போச்சா ஒனக்கு?" என்று கத்தினேன். கேக்கைக்கூடத் தின்னாமல் ராத்திரி ரயிலுக்கே போய்விட்டாய். உன் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன். சொல்ல வரும்போதே எரிச்சலாக வருகிறது.

நீ சதுரங்கம் கற்றுக்கொள்ளவே இல்லை. பலகை முன்னால் நான் உட்கார்ந்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தே உனக்கு வெறுத்துப்போயிருக்கும். அதனால் ஒன்றை மட்டும் விளக்க வேண்டும். நம் பக்கத்து ஆட்டத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கினால் செக் சொல்வது போலவே, ராணியைத் தாக்கினாலும் "ராணிக்கு செக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டம் என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது, மரியாதை. பக்கத்து இலையில் பூச்சி விழுந்தால் சாப்பிடுகிறவனுக்குச் சொல்வோம் இல்லையா, அது மாதிரி. ராணி போய்விட்டால் ஆட்டமே சப்பென்று போய்விடும், அப்படி ஜெயிப்பதில் என்ன ருசி என்பது நம் ஆட்களின் நினைப்பு. இதில் ஒரு கெடுதலும் உண்டு. ராணியை எதிராளி பார்த்துக்கொள்வான், ஏதாவது என்றால் அவன் சொல்வான் என்று நாம் பாட்டுக்கு மற்ற காய்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். முப்பது வருஷம் அப்படி ஆடினவன் நான். என் ராணியை நானே காவல் காத்த பழக்கமே எனக்கு இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து புது விதிகள் வந்தன. சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போகலாம், ராஜா கோட்டைக்குள் போகலாம், இரண்டு முகம் உள்ள கடிகாரம் வைத்துத்தான் ஆட வேண்டும், ஆட்டம் முடிகிற வரை எதிராளியிடம் பேசக்கூடாது. இங்கிலீஷ் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதைப் படித்து, தமிழில் எழுதி, கார்பன் வைத்து எட்டு நகல் எடுத்து நம் ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தவன் யார்? நான்தான். ஞானமுத்துவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவருடைய நகலை நானே பஸ் ஸ்டாண்டில் வைத்து வாசித்துக் காட்டினேன். "பேசாம ஆடறதுன்னா எழவு வூட்டுல ஒக்காந்துகினு இருக்கற மாரி இருக்குமே அண்ணாத்த" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நாங்கள் சிநேகிதர்கள்.

போட்டி மகாபலிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு நாள் நடந்தது. ஜெயிக்கிற ஒரே ஒருவனை மெட்ராஸ் மாகாணப் போட்டிக்கு அனுப்புவார்கள். கடைசி நாள் வரும்போது நானும் ஞானமுத்துவும் சமமாக நின்றோம். அதில் ஜெயிக்கிறவனுக்கு மெட்ராஸ். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. வாழ்க்கையில் அடுத்தவன் எழுதினதைப் பார்த்து எழுதினதைத் தவிர நான் வேறென்ன செய்தேன் சொல்? சொந்தமாக ஒன்று செய்தேன் என்றால் அது அந்தப் பலகையில்தான். மெட்ராஸில் நாற்காலி போட்டு, என் பேரைச் சீட்டில் எழுதி, எதிரே ஒரு பெரிய ஆட்டக்காரன் உட்கார வேண்டும். தோற்றால்கூடப் பரவாயில்லை, உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அந்த ஆசை அவருக்கும் இருக்கும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. டிரைவருக்கு எதற்கு மெட்ராஸ் என்றுதான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான்.

அன்றைக்குக் கடல் காற்று பேய்க்காற்று. வகுப்பறைக் கதவைச் சாத்தினாலும் சந்துவழியாக மணல் வந்து கட்டங்கள்மேல் உட்கார்ந்தது. மற்ற ஆட்டங்கள் முடிந்துவிட்டதால் எல்லோரும் வெளித் தாழ்வாரத்தில் நின்று ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் இரண்டு பேர், மெட்ராஸிலிருந்து வந்த நடுவர், அந்தக் கடிகாரம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அதன் தலையில் தட்ட வேண்டும். ஞானமுத்து அதை பஸ் ஆரனை அமுக்குவது போல முழு உள்ளங்கையால் அமுக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு நல்ல ஆட்டம், ஒரு சிப்பாய் அதிகம். ஒரு மணி நேரம் போயிருக்கும். அவர் தன் யானையை நகர்த்தினார், கடிகாரத்தை அமுக்கினார், பழக்கதோஷத்தில், "ராணிக்கு செக்கு அண்ணாத்த" என்றார்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அந்த யானை என் ராணிக்கு நேரே நின்றது. நான் பார்க்கவே இல்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் என் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ராணியை நகர்த்திக் காப்பாற்றிக்கொண்டேன். நடுவர் அந்த நேரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், இது அவர் காதிலும் விழவில்லை, காற்றிரைச்சலில் வெளியே நின்றவர்கள் காதிலும் விழவில்லை. கதவைக் கட்ட ஒரு கயிறு வாங்கிவருகிறேன் என்று வெளியே போனார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும், இதற்குமேல் உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குப் போன மாதம்வரை தெரியாது. என்னிடம் ஒரு கண்ணி இருந்தது. என் குதிரை ஒதுங்கினால் அதன் பின்னாலிருக்கும், மூலைவாட்டில் ஓடுகிற மந்திரி அவருடைய ராணியைக் குறிபார்க்கும். நம் வழக்கப்படி அதை வாய்விட்டுச் சொன்னால் கண்ணி வீண். சொல்லாமல் செய்தால் அவர் ராணி எனக்கு. ஆனால் இப்போதுதான் அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார், நான் மட்டும் எப்படிச் சொல்லாமல் இருப்பது? அதனால் பலகைமேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஞானமுத்து, இது போட்டி. டீக்கடை பெஞ்சு இல்ல. செக்கு கிக்குன்னு இன்னொரு வாட்டி வாயத் தொறந்த, எழுதிக் குடுத்துடுவேன். ஆட்டமே போயிடும் ஒனக்கு. நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லக்கூடாது."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒனக்கோசரம்தானே சொன்னேன்" என்றார். பிறகு, "சரி அண்ணாத்த, சொல்லல" என்றார். நடுவர் கயிற்றோடு வந்துவிட்டார்.

இரண்டு நகர்த்தல் கழித்து என் கண்ணியைப் போட்டேன். வாயே திறக்கவில்லை. குதிரையை ஒதுக்கிவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞானமுத்து பலகையை மூலைக்கு மூலை பார்த்தார். பத்து நிமிஷத்துக்கு மேல் பார்த்தார். ரோட்டில் எந்தச் சந்திலிருந்து மாடு வரும், எந்தப் பக்கம் பிள்ளை ஓடிவரும் என்று பார்த்தே பழகின கண் அது. தன் ராணியை எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்தார், கடிகாரத்தை அமுக்கினார். என் கண்ணி புஸ்ஸென்று போனது. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. அந்தக் கொதிப்பிலேயே ஆடினேன். அரைமணி கழித்து அவர் ஒரு குதிரையைத் தூக்கி என் யானையைத் தாக்குகிற கட்டத்தில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. நடுவரைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. நான் அதைப் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். யானையைத் தாக்கிவிட்டு என்னிடம் இரக்கப்படுகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, யானையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினேன். அவர் கோடியில் இருந்த தன் மந்திரியை எடுத்தார். குதிரை விலகின வழியாக அது குறுக்கே ஓடிவந்து என் ராணியின் இடத்தில் உட்கார்ந்தது. நான் அவருக்குப் போட்ட அதே கண்ணி.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். எழுந்து நின்று, "ராணிக்கு செக்கு சொல்லலியே! இன்னா ஆட்டம்டா இது, திருட்டு ஆட்டம்!" என்று கூரை கிழியக் கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே நம் ஆட்கள், "ஆமா, சொல்லணும் இல்ல? நாயம்னு ஒண்ணு கீது இல்ல?" என்று முணுமுணுத்தார்கள். மெட்ராஸ் நடுவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "விதியில் அப்படி ஒன்றும் இல்லை, ஐயா" என்றார். விதியா? அந்த விதியை எட்டு நகல் எடுத்த மடையனிடம் விதி சொல்கிறார்! ஞானமுத்து தலையைக் குனிந்துகொண்டு, காய்களை மணல் தட்டிப் பெட்டியில் அடுக்கினார். நான் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தேன்.

இதோடு விட்டிருந்தால் கோபத்தில் கத்தினான், ஆசைப்பட்டவன் கத்துவான் என்று போயிருக்கும். நான் மனு எழுதத் தெரிந்தவன் ஆயிற்றே. மறுநாள் போட்டியை நடத்திய கமிட்டிக்கு நான்கு பக்கம் எழுதினேன். அதில் அவர் செக் சொல்லாததைப் பற்றி ஒரு வரி கிடையாது, விதியில் அது நிற்காது என்று தெரியும். "எதிராளி ஆட்டத்தின் நடுவே விதிக்கு விரோதமாகப் பேசி என் கவனத்தைக் கலைத்தார்" என்று எழுதினேன். தெருவில் அவர் பேசவில்லை என்று குற்றம், காகிதத்தில் பேசினார் என்று குற்றம். எந்தப் பேச்சு? என் ராணியைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பேச்சு. கமிட்டி எங்கள் இருவரையும் கூப்பிட்டது. தலைவர் கேட்டார், "இன்னாப்பா, ஆட்டத்துல பேசினியா?" ஞானமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். "பேசினேன்" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. என்ன பேசினாய், யாருக்காகப் பேசினாய் என்று கேட்க அங்கே ஒருத்தனுக்கும் புத்தியில்லை. அவர் ஜெயித்தது செல்லாது என்றார்கள். சண்டைக்காரன் எனக்கும் கொடுக்க மனமில்லாமல், மூன்றாவதாக வந்தவனை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். போய் முதல் நாளே தோற்றுவிட்டு வந்தான் அந்தப் பையன்.

அன்றைக்கு ராத்திரி அவர் நம் வீட்டுக்கு வந்து என் சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லி என் மானத்தை வாங்குவார் என்று பார்த்தேன். வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் எனக்கு எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுப் போனார். இரண்டு வருஷம்! ஒருவன் எவ்வளவு நாள்தான் இப்படிப் பேசாமலிருந்து இன்னொருவனைச் சாகடிப்பான்? அவர் பேசாமலிருக்க இருக்க நான் அதிகமாகப் பேசினேன். வாய் ஓய்ந்தால் உண்மை வந்துவிடும் என்று பயம், வேறென்ன?

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருக்கிறது ஒரே ஒரு புத்திதான், அதுவும் அடிபட்டு வந்தது. வீட்டில் அடுத்தவர் வாய்க்குச் சட்டம் போடாதே. நான் பலகை முன்னால் உட்கார்ந்தால் இந்த வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஏழு வயது. உன் அம்மாவை விறகில் இருந்த தேள் கொட்டிவிட்டது. நான் உள்ளே பலகையோடு இருக்கிறேன். அவள் வலி பொறுக்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நான் எப்போது தலையைத் தூக்குவேன் என்று நின்றிருக்கிறாள். நீதான் ஓடிவந்து, "அப்பா, அம்மாவுக்குத் தேளு கொட்டிடுச்சுப்பா" என்று கத்தினாய். நான் முதலில் உன்னை அடித்தேன், பேசினதற்கு. பிறகுதான் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். முழங்கைவரை வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவளைத்தான் திட்டினேன், ஏன் சொல்லவில்லை, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று. போன மாதம் ஞானமுத்து விஷயத்தை அவளிடம் சொன்னபோது, நான் மறந்தே போயிருந்த இதை அவள்தான் எடுத்தாள். "நீ வாய மூடுன்னா எல்லாரும் மூடிக்கிறாங்க. அப்புறம் ஏன் மூடினீங்கன்னு நீயே அடிக்கிற. இன்னா மனுசன்யா நீ?" என்றாள். கிருபை உன்னிடம் எதையாவது சொல்ல வாயெடுக்கும்போது, அது எவ்வளவு வேண்டாத நேரமாக இருந்தாலும், கேள். அவள் சொல்லப் போவது உன் நன்மைக்காகவே இருக்கலாம்.

போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வண்டியில் ஏறினேன். அவருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்தார். பேச ஆரம்பிக்கலாம் என்றால், ஓட்டும்போது டிரைவரோடு பேசாதீர்கள் என்று தலைக்குமேல் எழுதியிருந்தது. எழுதினவன் கையை ஒடிக்க வேண்டும் போலிருந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு கூட்டம் இறங்கி ஒரு கூட்டம் ஏறியது, அங்கேயும் பேச முடியவில்லை. மகாபலிபுரத்தில் எல்லோரும் இறங்கின பிறகு, அவர் பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

"கமிட்டியில ஏன் முழுசும் சொல்லல நீ?" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் கேட்கிற கேள்வியா இது? அதட்டலாக வேறு வந்தது.

"இன்னாத்த சொல்றது? பேசினியான்னாங்க. பேசினேன்."

"நான்தான் ஒன் வாய மூடச் சொன்னேன்னு சொல்லி இருக்கலாம் இல்ல?"

தண்ணீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சொல்லி? நீ நாலு பக்கம் எழுதிக் குடுத்துகிற. நான் ஸ்டீரிங்கு புடிக்கிறவன். யாரு பேச்சு நிக்கும் அண்ணாத்த? சொல்லி, அதையும் பொய்யின்னு நீ எழுந்து சொல்லி, அத வேற நான் கேட்டுக்கினு ஒக்காரணுமா?"

"நான் பண்ணது தப்பு, ஞானமுத்து" என்றேன். வந்துவிட்டது ஒருவழியாக.

"தப்புதான்" என்றார். அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்வார், நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் கந்தல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என் மேல கோவம் இருக்குதா?"

"இருக்கு. இன்னும் கீது. பொண்ணு கல்யாணம் வேற, இது வேற. ஒன் புள்ள தங்கமான புள்ள, அதுல எனக்கு ஒரு பேஜாரும் இல்ல. ஆனா நான் இப்ப ஆடறதில்ல அண்ணாத்த. பலகையப் பிரிச்சா ஒன் மூஞ்சிதான் தெரியுது. நான் மெட்ராஸுக்குப் போறேன்னு பொண்ணு எனக்குப் புதுச் சட்டை தச்சு வச்சிருந்துச்சு. அத இன்னும் போடல." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஏறு, டைமாவுது."

திரும்பி வரும்போதும் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்தேன். ஒரு மனுஷன் தப்பை ஒத்துக்கொண்டால் மனசு லேசாகும் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, எனக்கு ஒரு இழவும் ஆகவில்லை. அந்தச் சட்டையையே நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் கமிட்டித் தலைவரிடம் போய், என் மனு பொய், அதை ரத்து செய்து அவர் ஜெயித்ததாகத் திருத்துங்கள் என்று கேட்டேன். "அது முடிஞ்சுபோன ஃபைலு சார். ரெண்டு வருசம் கழிச்சு யாரு தொறப்பாங்க?" என்கிறார். நான் எழுதிக்கொடுத்தபோது மட்டும் மூன்றே நாளில் எல்லோருடைய பேனாவும் ஓடியதே! எழுதினது நான், அழிக்க எனக்கு வழியில்லை. இதைவிட என்ன வயிற்றெரிச்சல் வேண்டும் ஒரு நகல் எழுத்தனுக்கு?

அதனால் போதகரிடம் போனேன். மூன்றாவது ஓலை வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை சொல்கிறவர்கள் உண்டா என்று சபையைக் கேட்பீர்களே, அப்போது எனக்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்றேன். அவர் பதறிப்போனார். "அந்த நேரத்தில் தடை சொல்கிறவர்கள்தான் எழுந்திருக்க வேண்டும். ஆராதனை முடிந்து வாசலில் பேசுங்களேன்" என்றார். வாசலில் பேசித்தானே இரண்டு வருஷமாக அந்த மனுஷனைக் கெடுத்தேன், வாசலில் பாதிப் பேர் வண்டி பிடிக்க ஓடிவிடுவார்கள் என்றேன். கமிட்டித் தலைவரும் நம் சபைதான், மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர். என்னோடு மன்றாடிப் பார்த்துவிட்டு, "கோபமாகப் பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். என்மேல்தான் கோபம், அதற்கு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். தடை உண்டா என்று கேட்கும்போது எழுந்திருப்பேன். நீ பயந்து என் கையைப் பிடித்து இழுக்காதே, கிருபையிடமும் முன்கூட்டிச் சொல்லி வை, பெண் அழுதுவிடப் போகிறது. இந்தக் கடிதத்தில் எழுதியதை எல்லாம் சபை முன்னால் சொல்லப் போகிறேன், கயிறு வாங்க நடுவர் வெளியே போனதிலிருந்து ஒன்று விடாமல். நான் சொல்லி முடித்ததும் எதிர்ப்பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஞானமுத்து எழுந்திருக்கலாம். இத்தனை நாள் என்னைக் கேட்காமல் விட்டதை எல்லாம் அன்றைக்குக் கேட்கலாம். அத்தனை பேர் முன்னால், உன் கல்யாண ஓலை வாசித்த இடத்தில், உன் தகப்பனை அவர் என்ன வார்த்தை வேண்டுமானாலும் சொல்லலாம். உனக்கு ரோஷம் வரும், நீ என் பிள்ளை. வந்தாலும் உட்கார்ந்திரு. நீ குறுக்கே பேசாதே, போதகரையும் பேச விடாதே. அவர் பேசி முடிக்கட்டும்.

அப்பா